சுவர் காயட்டும், வெளிச்சம் வரட்டும்

பகல் பதினோரு மணிக்கும் டியூப்லைட் எரிகிற அறை சென்னையின் மேற்குப் புறநகரில் அநேகமாக வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலான மனைகள் அரை கிரவுண்டுதான். 1,200 சதுர அடி. அதில் கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு ஒரு சந்து. நடு அறையின் ஒரே ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் திறக்கிறது.

வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் ஜன்னல் திறப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பத்துக்குப் பத்து அறைக்கு நாலுக்கு நாலு ஜன்னல் வைத்தால் கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வந்துவிடும். ஆனால் அந்த ஜன்னலுக்கு எதிரே மூன்றடியில் அடுத்த வீட்டின் பூசாத செங்கல் சுவர் நின்றால், கணக்கு சரியாக இருந்தும் அறை இருட்டாகவே இருக்கும். வானம் தெரியாத ஜன்னலால் காற்றைக் கொடுக்க முடியும். வெளிச்சத்தைக் கொடுக்க முடியாது.

இந்த அறைக்குத்தான் பெயின்ட் தேடுகிறோம். முன்பெல்லாம் ‘பளிச்சுனு இருக்கணும்’ என்பது ஒன்றே கேள்வியாக இருந்தது. இப்போது கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், வீசிங் உள்ள பெரியவர் இருக்கும் வீட்டிலும் ‘வாசனை வராததா, உடம்புக்குக் கெடுதல் இல்லாததா’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. நல்ல மாற்றம் இது. ஆனால் கடைக்காரரிடம் டின்னைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், வீட்டுச் சுவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த மாதத்தில் அடிக்கலாம்?

மார்கழியில் ஏன் அடிக்கிறோம்?

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பது நம் வழக்கம். மார்கழி பிறந்ததும் பெயின்டர்களுக்கு ஓய்வே இருக்காது. ஆனால் இந்தப் பகுதியில் சுவர் மிகவும் ஈரமாக இருப்பதும் அந்த மாதத்தில்தான். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. மேற்குப் புறநகரோ ஏரிகளுக்கு நடுவில் வளர்ந்த ஊர். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தபின் வேலைக்கு வந்தவர்கள் குடியேறக் குடியேற, தண்ணீர் வடிந்த வழிகளெல்லாம் தெருக்களாயின. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைதளச் சுவர்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வராத வருடத்திலும் ஓதம் ஏறத்தான் செய்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் எத்தனையோ வீடுகளின் தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. சுரண்டிய பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். ஏற்கெனவே தாழ்ந்துபோன வீடுகளுக்கு அது தாமதமாக வந்த உத்தரவு.

அப்படியானால் நம் முன்னோர் ஈரச் சுவரிலா வெள்ளையடித்தார்கள்? ஆமாம். அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். மிஞ்சியதை நீற்றிச் சுவரில் அடித்தால், அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். அதற்கு ஈரம் வேண்டும். சுண்ணாம்பு அடிக்குமுன் சுவரில் தண்ணீர் தெளிப்பது அதனால்தான். காய்ந்த பிறகும் சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறும். காரத்தன்மை மிகுந்திருப்பதால் புதிதாக அடித்த சுவரில் பூஞ்சை பிடிக்காது. மழை முடிந்த கையோடு, பூஞ்சை பூத்த சுவருக்கு ஒரு கை சுண்ணாம்பு என்பது அந்தப் பொருளுக்கு மிகப் பொருத்தமான காலம்.

சுண்ணாம்பு போய் டிஸ்டெம்பர் வந்தது, பிறகு எமல்ஷன் வந்தது. மாதம் மட்டும் மாறவில்லை. எமல்ஷன் என்பது அக்ரிலிக் பிசின். காய்ந்தால் மெல்லிய படலமாகும். அடியில் பட்டி, பிரைமர், மேலே இரண்டு கோட்டு என்று வரும்போது சுவரின் ஈரம் வெளியேறும் வழி வெகுவாக அடைபடுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் உப்பையும் கரைத்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். சித்திரை வெயில் தொடங்கும்போது சுவரின் கீழ் மூன்றடியில் பட்டி அப்பளம்போல் உப்பி நிற்கும். விரலால் தட்டினால் வெள்ளை மாவு கொட்டும். அடுத்த மார்கழியில் அதைச் சுரண்டிவிட்டு மறுபடியும் பட்டி, மறுபடியும் பெயின்ட். டின்மேல் எத்தனை பச்சை இலை போட்டிருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை உரிந்து குப்பைக்குப் போகும் பெயின்ட் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக ஆகாது. நீண்ட நாள் சுவரில் நிற்பதே ஒரு பெயின்டின் முதல் பசுமைக் குணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம், வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: அடுத்த பக்கம் பாத்ரூம் குழாய் கசியலாம், மாடிக் கைப்பிடிச் சுவரில் விரிசல் இருக்கலாம், தரையிலிருந்து ஓதம் ஏறலாம். வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறைக்குக் காற்று போதவில்லை. சமையல் ஆவியும், உள்ளே காயப்போடும் துணியும் காரணம். முதல் வகைக்குக் கசிவை அடைத்து, பழைய பட்டியைச் சுரண்டி, சுவரை வெறுமனே வெயில் காலம் பூராவும் விட வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்தின் கணக்கு

பெயின்ட் வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை. ஜன்னல் வழியாக வந்ததை வீணாக்காமல் திருப்பி அனுப்புகிறது. எவ்வளவு திருப்புகிறது என்பதுதான் கேள்வி. மங்கிப்போன டிஸ்டெம்பர், இருண்ட மர பீரோ எல்லாம் சேர்ந்து ஓர் அறையின் பரப்புகள் சராசரியாக 40 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். 100 பங்கு உள்ளே வந்தால் முதல் முறை 40 திரும்பும், அடுத்து 16, அடுத்து 6 என்று குறைந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் கூட்டினால் 167 பங்கு. அதே அறையில் சராசரியை 70 சதவீதமாக்கினால் 70, 49, 34 என்று போய்க் கூட்டுத்தொகை 333 வரும். அதே ஜன்னல், அதே வானம். இரண்டு மடங்கு வெளிச்சம். தரையும் கட்டிலும் துணியும் இதில் கொஞ்சம் தின்றுவிடும் என்றாலும், ஷேட் கார்டில் நாம் காட்டும் கவனத்துக்கு இந்தக் கணக்கு நியாயம் செய்கிறது.

ஷேட் கார்டில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். கார்டில் இல்லாவிட்டால் கம்பெனியிடம் கேட்டால் தருவார்கள். அந்த நிறம் நூற்றுக்கு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்பதே அது. கூரைக்கு 80-க்கு மேல், சுவருக்கு 70-க்கு மேல் என்று வைத்துக்கொண்டால் இருட்டறை தேறும். கூரை சுத்த வெள்ளையாகவும் மேட்டாகவும் இருக்கட்டும். சுவருக்குச் சுத்த வெள்ளை வேண்டாம் என்பேன். வெளிச்சமே குறைவான இடத்தில் அது சாம்பல் பூத்துத் தெரியும். துளி மஞ்சளோ சந்தனமோ கலந்த ஐவரி வகை நிறங்கள் அதே அளவு பிரகாசத்தோடு அறையைக் கதகதப்பாகக் காட்டும். பளபளப்பு பெயின்ட் அடித்தால் கூடுதல் வெளிச்சம் வரும் என்று சொல்வார்கள். வராது. டியூப்லைட்டின் பிம்பம் சுவரில் தெரியும், பூச்சின் மேடு பள்ளமும் சேர்ந்து தெரியும்.

பலரும் மறக்கும் சுவர் ஒன்று உண்டு. நம் ஜன்னலுக்கு எதிரே சந்தில் நிற்கும் சுவர்தான் அந்த அறைக்கு வானம். அது பாசி பிடித்துக் கறுத்திருந்தால் உள்ளே என்ன அடித்தும் பாதி பலன்தான். அது நம் காம்பவுண்டாக இருந்தால் இன்றைக்கே வெள்ளையடிக்கலாம். பக்கத்து வீட்டுச் சுவராக இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, நம் செலவிலேயே அடித்துத் தரலாம். அவர்கள் ஜன்னலுக்கு நம் சுவர் அதையே செய்யும். சன்ஷேடின் அடிப்பாகம், ஜன்னல் விளிம்பு, கறுப்பு எனாமல் அடித்த கிரில் மூன்றையும் வெள்ளையாக்குங்கள். செலவு சில நூறு ரூபாய். அறைக்குள் அதனால் வரும் மாற்றத்தை வாசலில் நின்றே பார்க்கலாம்.

டின்னில் என்ன எழுதியிருக்கிறது?

புது பெயின்டின் நெடி என்பது, காயும்போது காற்றில் கலக்கும் கரிமச் சேர்மங்கள். வி.ஓ.சி. என்பார்கள். கண்ணெரிச்சல், தலைவலி, இளைப்பு எல்லாம் இவற்றால் வரும். கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் எண்ணெய் எனாமலில் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் இருப்பது சகஜம். தண்ணீரில் கரையும் எமல்ஷனில் மிகக் குறைவு. இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் போன்ற அமைப்புகள் உள்சுவருக்கான மேட் பெயின்டுக்கு லிட்டருக்கு 50 கிராம், பளபளப்பு உள்ளதற்கு 150 கிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. ஆகவே கடையில் ‘ஈகோ ஃபிரண்ட்லியா?’ என்று கேட்பதைவிட ‘லிட்டருக்கு எத்தனை கிராம் வி.ஓ.சி.?’ என்று கேட்பது உத்தமம். பதில் எண்ணாக வர வேண்டும். தொழில்நுட்பத் தாளில் அந்த எண் இருக்கும்.

‘ஜீரோ வி.ஓ.சி.’ என்றால் பெரும்பாலும் 5 கிராமுக்குக் கீழே என்று பொருள். அதுவும் நிறம் சேர்ப்பதற்கு முந்தைய கணக்கு. கடை மெஷினில் ஊற்றும் ஸ்டெயினரிலும் வி.ஓ.சி. இருக்கக்கூடும். அடர் நிறத்துக்கு நிறைய ஸ்டெயினர், வெளிர் நிறத்துக்குச் சொட்டுக் கணக்கு. இருட்டறைக்கு வேண்டியதும் வெளிர் நிறம்தான் என்பதால் வெளிச்சமும் நல்ல காற்றும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன. டின்னில் பூஞ்சை வராமலிருக்கச் சேர்க்கும் மருந்துகள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். நெடி இல்லை என்பதற்காகக் குழந்தையை அன்றைக்கே அந்த அறையில் படுக்கவைக்க வேண்டாம்.

முத்திரைகளில் மத்திய அரசு 1991-இல் கொண்டுவந்த எக்கோமார்க் இருக்கிறது, மண்பானைச் சின்னம். பெயின்டும் அதன் பட்டியலில் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள சி.ஐ.ஐ. பசுமை மையம் தரும் கிரீன்புரோ இன்னொன்று. கம்பெனி தானே வரைந்துகொண்ட இலைப் படம் முத்திரை ஆகாது.

ஈயத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். உள்சுவர்களில் ஈய வெள்ளை பூசுவதற்கு எதிராகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-லேயே உடன்படிக்கை கொண்டுவந்துவிட்டது. இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. டின்னிலும் அதை அச்சிட வேண்டும். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்குகிறது. புது எமல்ஷனில் கவலை குறைவு. பயப்பட வேண்டியது பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல் அடித்த கேட்டையும் ஜன்னலையும். அவற்றை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் தூசிதான் விஷம். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்க்கும்போது கர்ப்பிணியும் குழந்தைகளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

வாசனையில்லாத பெயின்டால் அதிகம் பிழைப்பவர் யார் என்று யோசித்தால் வீட்டுக்காரர் இரண்டாமிடம்தான். நமக்கு நெடி இரண்டு மூன்று நாள். பெயின்டருக்கு அது வேலைநாள் அத்தனையும். பெயின்டர் தொழிலால் ஏற்படும் பாதிப்பைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் 1989-லேயே சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. நம் ஊரில் முகத்துக்குக் கைக்குட்டைகூட இல்லாமல், அடைத்த அறையில் எனாமல் அடித்துவிட்டு, கையைத் தின்னரில் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருகிறார்கள். கதவுக்கும் தண்ணீர் எனாமல் இப்போது கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். சதுர அடிக்கு ஒரு ரூபாய் பேரம் பேசிக் குறைக்கும் நாம் அந்த வித்தியாசத்தைக் கொடுக்கலாம். மாஸ்க்கும் சோப்பும் வாங்கி வைக்கலாம். 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயின்டரும் பதிவு செய்யலாம். பதிந்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சாணம், சுண்ணாம்பு, கடல் மணல்

2021 ஜனவரி 12 அன்று காதி கிராமத் தொழில் ஆணையம் பசுஞ்சாணத்தில் செய்த ‘காதி பிராக்ரிதிக்’ பெயின்டை அறிமுகப்படுத்தியது. அன்றைய விலை டிஸ்டெம்பர் லிட்டர் 120 ரூபாய், எமல்ஷன் 225 ரூபாய். உருவாக்கியது ஜெய்ப்பூரில் உள்ள குமரப்பா தேசியக் கைக்காகித நிறுவனம். அந்தக் குமரப்பா நம் தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி.குமரப்பாதான். மும்பையில் ஆடிட்டராக இருந்தவர் காந்தியோடு சேர்ந்து அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டியெழுப்பினார். கடைசிக் காலத்தை மதுரை பக்கம் தே.கல்லுப்பட்டியில் கழித்தார். கிராமத்துக் கழிவு கிராமத்துக்கே வருமானமாக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரின் பெயர் இந்த டின்னுக்குப் பின்னால் இருப்பது பொருத்தம். ஈயம், பாதரசம், குரோமியம் இல்லை என்று ஆணையம் சொல்கிறது. ஆனால் சாணம் மட்டுமே வெள்ளைச் சுவரைத் தந்துவிடாது. வெண்மைக்கு நிறமியும் பிடிப்புக்குப் பசையும் அதிலும் சேர்கின்றன. காய்ந்த சுவரில், அதிகம் கை படாத படுக்கையறையில் அடித்துப் பார்க்கத் தக்கது. ஓதம் ஏறும் சுவரை அதுவும் காப்பாற்றாது.

ஓதச் சுவருக்கு இன்றைக்கும் சுண்ணாம்புதான் சரி. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் அது ஒட்டாது. பூச்சு தெரியும்வரை சுரண்டிய பிறகே பிடிக்கும். இரண்டு மூன்று கை மெல்லிசாக அடிக்க வேண்டும். கையில் வெள்ளை ஒட்டாமலிருக்க வச்சிரமோ உப்போ கலப்பது பழைய வழக்கம். சுட்டபோது வெளியேறிய கரியமில வாயுவில் பெரும்பகுதியை அது திரும்ப எடுத்துக்கொண்டாலும், காளவாயில் எரித்த விறகும் கரியும் கணக்கில் வரும். பழவேற்காட்டிலிருந்து அள்ளிவந்த கிளிஞ்சலும் கணக்கில் வரும்.

எமல்ஷனின் வெண்மைக்கும் விலை உண்டு. ஈய வெள்ளையை விரட்டியது டைட்டானியம் டை ஆக்சைடு. வெளிச்சத்தை வளைக்கும் திறன் அதற்கு 2.7, அதைச் சுற்றியிருக்கும் பிசினுக்கு 1.5 அளவுதான். இந்த இடைவெளிதான் மெல்லிய கோட்டையும் வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த டைட்டானியம் இல்மனைட்டிலிருந்து வருகிறது. இல்மனைட் கிடைப்பது குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை மணலில். அங்கே கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாக மணல் அள்ளும் திட்டத்தைக் கரையோர மக்கள் எதிர்க்கிறார்கள். அம்பத்தூர் அறையின் கூரை வெளுக்க ஒரு மீனவக் கிராமத்தின் கரை கரைய வேண்டுமா என்ற கேள்வியை எந்த முத்திரையும் டின்மேல் அச்சிடுவதில்லை. வெள்ளையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவையான இடத்தில், தேவையான கோட்டு, அதுவும் பல வருடம் நிற்கும்படி அடிக்கலாம்.

ஆகவே தரைதளத்து நடு அறை ஒன்றைக் கையிலெடுத்தால் நான் சொல்லும் வரிசை இது. மழை முடிந்ததும், பொங்கலுக்கு வாசலிலும் சந்துச் சுவரிலும் மட்டும் சுண்ணாம்பு. தையில் கசிவைத் தேடி அடைப்பது. உப்பின பட்டியைச் சுரண்டுவது. பங்குனி, சித்திரையில் ஜன்னலைத் திறந்துவைத்து சுவரைக் காயவிட்டு, மறுபடி பாலிதீன் தாள் ஒட்டிப் பார்ப்பது. தாள் வேர்க்காவிட்டால் கூரைக்கு மேட் வெள்ளை, சுவருக்கு 70-க்கு மேல் எல்.ஆர்.வி. உள்ள குறைந்த வி.ஓ.சி. எமல்ஷன். வாங்குமுன் கால் லிட்டர் மாதிரி வாங்கி ஓர் அட்டையில் அடித்து, அதைக் காலையிலும் சாயங்காலமும், லைட் போட்டும் போடாமலும் இருட்டு மூலையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கீழ் மூன்றடியில் ஓதம் விடவே இல்லையென்றால் அந்த மூன்றடிக்குப் பட்டி வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் போதும். நிறக்கோடு தெரியும், தெரிந்தால் தெரியட்டும்.

வேலை முடிந்த அன்று ரோலரையும் பிரஷ்ஷையும் தெருவோர மழைநீர்க் கால்வாயில் கழுவ விடாதீர்கள். பருத்திப்பட்டு, திருவேற்காடு, அயனம்பாக்கம் பக்கம் அந்தத் தண்ணீர் சேர்வது கூவத்தில். ஒட்டியிருக்கும் பெயின்டை முதலில் பழைய செய்தித்தாளில் தேய்த்தெடுத்து, பிறகு ஒரே வாளித் தண்ணீரில் கழுவலாம். காலி டின்னை 2016 திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் அரை லிட்டரை இறுக மூடி, மூடியின்மேல் ஷேட் நம்பரையும் அடித்த மாதத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் ஆணி பிடுங்கிய இடத்துக்கு அது போதும்.